நேற்றைய முன்கணிப்பை அழிக்காதீர்கள்

பெருநகரங்களுக்குக் காற்று மாசு முன்கணிப்பு வெளியிடும் அலுவலகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே இரவு கண்விழித்துக் கணினி மாதிரிகளை ஓட்டும் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் உங்கள் வேலையையே நானும் செய்தேன். நாளுக்கு இரண்டு முறை உலக வானிலைத் தரவு வந்து இறங்கும். அதை நகரத்தின் அளவுக்கு நுணுக்கி மாதிரியை, அதாவது காற்றின் போக்கைக் கணக்கிடும் கணினி நிரலை, ஓட விடுவோம். சில மணி நேரத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், எந்த வட்டாரத்தில் எவ்வளவு புகை தேங்கும் என்று வண்ண வரைபடங்கள் வந்து விழும். அவற்றைப் பார்த்து நாளைக்கான எண்ணை எழுதுவோம். அந்த எண்ணை நம்பி ஒருவர் அதிகாலை நடைக்குக் கிளம்புகிறார். ஒரு பள்ளி விளையாட்டு வகுப்பை வழக்கம்போல் நடத்துகிறது. ஒரு கட்டுமானத் தளத்தில் லாரி மண்ணைக் கொட்டுகிறது.

அந்தப் பொறுப்பின் கனம் தெரிந்தவனாக ஒரே ஒரு கோரிக்கையுடன் எழுதுகிறேன். நாளைக்கென்று நீங்கள் சொல்லும் எண்ணை, அந்த நாள் கடந்த பிறகும் அழிக்காமல் வையுங்கள். அதன் பக்கத்திலேயே, அன்று கருவிகள் அளந்த எண்ணையும் எழுதுங்கள். இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள்.

இதன் அவசரத்தை எனக்கு உணர்த்தியது ஒரு தொலைபேசி அழைப்பு.

அது குளிர்காலம். எங்கள் அலுவலகம் தினமும் மாலை ஆறு மணிக்கு மறுநாளின் முன்கணிப்பை வெளியிடும். காலை ஆறு மணிக்குப் புதிய தரவு வந்ததும் அதைத் திருத்தும். முந்தைய நாள் மாலை நாங்கள் போட்ட எண் 110. அதாவது, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள், கன மீட்டருக்கு 110 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு 15 தான் என்பதால் 110 என்பதே நல்ல காற்று ஆகாது. ஆனால் அந்தப் பருவத்தில் அந்த ஊருக்கு அது வழக்கமான நாள். மறுநாள் கருவிகள் காட்டியதோ 290ஐ ஒட்டிய அளவு. பகல் பதினோரு மணிக்கும் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அழைத்தவர் ஒரு தாய். "ஐயா, நேற்று நீங்கள் 110 என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் மகனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பினேன். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நெபுலைசர் வைத்திருக்கிறார்கள்" என்றார். எண்ணைச் சரிபார்க்கலாம் என்று எங்கள் பக்கத்தைத் திறந்தேன். அங்கே 260 என்றிருந்தது. யோசிக்காமல், "இங்கே 260 என்றுதானே இருக்கிறது, அம்மா?" என்று கேட்டுவிட்டேன். "அது இன்று காலையில் நீங்கள் மாற்றியது ஐயா. நான் தினமும் மாலை ஏழு மணிக்கு நோட்டில் எழுதி வைக்கிறேன். நேற்று 110" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. காலைத் திருத்தம் மாலை எண்ணின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. பழைய எண் எங்கேயும் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படி அமைக்கவில்லை. பக்கத்தை வடிவமைத்தவருக்குப் புதிய எண் வந்தால் பழையதற்கு வேலையில்லை என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விளைவு என்ன? பொதுமக்கள் கண்ணுக்கு நாங்கள் ஒருநாளும் தவறியதே இல்லை.

மகன் உடல் தேறி வீடு திரும்பிய பிறகு அந்த நோட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்கு இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'சொன்னது', மற்றொன்றின் தலைப்பு 'வந்தது'. மகனுக்கு இன்ஹேலர் கொடுத்த நாள்களில் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. பதினான்கு மாதங்கள், 425 நாள்கள், ஒருநாள் விடாமல்.

அன்று மாலை அவர் அனுமதியுடன் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் ஆண்டறிக்கை முன்கணிப்பின் துல்லியம் 91 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடும் மாசு வரும், வராது என்று சொன்னதில் எத்தனை நாள் சரி என்பதே அந்தக் கணக்கு. நோட்டின்படி 425 நாள்களில் கடும் மாசு இருந்தது 45 நாள்கள். கணினியே இல்லாமல் ஒருவர் "கடும் மாசு ஒருநாளும் வராது" என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தால் 380 நாள்களில் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். அது 89 விழுக்காடு. எங்கள் மாதிரிக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டு விழுக்காடு.

அதோடு நிற்கவில்லை. அந்த 45 நாள்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் மழைபோல் தனித்தனியே வரவில்லை. ஒன்பது தொடர்களாக வந்தன, சராசரியாகத் தொடருக்கு ஐந்து நாள். காற்று அசையாமல் நின்றுவிட்டால் மாசு அப்படித்தான் வரும். ஆகவே "இன்று எப்படியோ நாளையும் அப்படியே" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் ஒவ்வொரு தொடரிலும் இரண்டாம் நாளிலிருந்து கடைசி நாள்வரை சரியாகச் சொல்லியிருப்பார். 45இல் 36 நாள் பலித்திருக்கும். தொடர் தொடங்கும் ஒன்பது நாள்களிலும், முடிந்த மறுநாள் ஒன்பதிலும் மட்டும் தவறியிருப்பார். மொத்தத்தில் அவர் துல்லியம் ஏறக்குறைய 96 விழுக்காடு. எங்கள் மாதிரியைவிட ஐந்து விழுக்காடு கூடுதல்.

நீங்கள் எல்லோரும் அறிந்த கணக்குதான் இது. நேற்றைய நிலையே தொடரும் என்று கொள்ளும் எளிய கணிப்போடு ஒப்பிடாமல் எந்த மாதிரியையும் மெச்சக்கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். ஆனால் ஓர் அம்மாவின் நோட்டில் அதைப் பார்த்தபோது எனக்கு விளங்கிய விஷயம் வேறு. ஒரு தொடரின் இரண்டாம் நாள் எச்சரிக்க முன்கணிப்பு தேவையில்லை. ஜன்னலைத் திறந்தாலே போதும். கணினி, கோடிக்கணக்கான கணக்கீடு, எங்கள் இரவு உறக்கம் எல்லாமே அந்த முதல் நாளுக்காகத்தான். நேற்றுவரை சுமாராக இருந்த காற்று நாளை மோசமாகும் என்று சொல்வதற்காகத்தான். அந்த ஒன்பது முதல் நாள்களில் நாங்கள் முன்கூட்டிச் சொன்னது மூன்றை. ஆறைத் தவறவிட்டோம். மகனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பிய நாள் அந்த ஆறில் ஒன்று. 91 விழுக்காடு என்ற எண்ணுக்குள் அந்த ஆறு நாள்களும் சுவடில்லாமல் கரைந்துபோயிருந்தன.

இந்தக் கண்கட்டுக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1884இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி டொர்னாடோ எனப்படும் சூறைச் சுழல் வருமா வராதா என்று 2,803 கணிப்புகள் செய்தார். 96.6 விழுக்காடு சரி என்று அறிவித்தார். சூறைச் சுழல் வரும் என்று அவர் சொன்னது 100 முறை. அதில் உண்மையாக வந்தது 28. வந்தும் அவர் சொல்லாமல் விட்டவை 23. ஒருமுறைகூட வராது என்று சொல்லியிருந்தால் அவர் துல்லியம் 98.2 விழுக்காடாக உயர்ந்திருக்கும் என்பது உடனே சுட்டிக்காட்டப்பட்டது. அதே ஆண்டில் கில்பர்ட் என்ற நிலவியலாளர் இதற்கு மாற்றாக வேறு அளவுகோலை முன்வைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் மதிப்பீட்டு முறைகள் பலவற்றுக்கு வேர் அந்த விவாதம்தான். ஃபின்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. தன் எண்களை அவர் முழுதாக வெளியிட்டதால்தானே மற்றவர்களால் திருத்த முடிந்தது?

அந்தக் குளிர்கால நாளில் எங்களுக்கு எங்கே தவறியது என்பதையும் சொல்கிறேன். ஏனென்றால் உங்களில் பலருக்கு இது இந்த ஆண்டும் நடக்கும்.

நகரத்தின் காற்றை மூடிபோட்ட ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் அடித்தட்டு, நிலத்தின் காற்று எந்த உயரம்வரை ஏறிக் கலக்கிறதோ அதுதான் மூடி. அதைக் கலப்பு உயரம் என்கிறோம். வெயில் காயும் நண்பகலில் அது ஒரு கிலோமீட்டரையும் தாண்டி உயரும். காற்று அசையாத குளிர்கால இரவில் நிலம் முதலில் குளிர்ந்துவிடும்; மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும்; கீழ்க்காற்று மேலேற வழியில்லாமல் போகும். மூடி 200 மீட்டர், 100 மீட்டர் என்று இறங்கிவிடும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம் இப்படி இறங்கிய மூடியின் கீழ் சேர்ந்த நிலக்கரிப் புகைதான். சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கும் என்கின்றன.

எங்கள் மாதிரி, அந்த இரவில் மூடி 300 மீட்டரில் நிற்கும் என்று சொன்னது. உண்மையில் அது 150ஐ ஒட்டி இருந்தது. புகை அதே அளவு, பெட்டி பாதி. செறிவு இரண்டு மடங்கு. அடுத்த பிழை காலையில். பத்து மணிக்கு மூடுபனி கலைந்துவிடும் என்று மாதிரி எதிர்பார்த்தது. கலையவில்லை. புகையே வெயிலை மறித்ததால் நிலம் சூடாகவில்லை. நிலம் சூடாகாததால் மூடி உயரவில்லை. மூடி உயராததால் புகை இன்னும் அடர்ந்தது. ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போன இந்தச் சுழலை எங்கள் மாதிரி கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பகுதியைக் கணக்கிட நேரம் அதிகம் பிடிக்கும் என்று அணைத்து வைத்திருந்தோம். ஈரமான குளிர்காற்றில் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து உருவாகும் அமிலமும் சேர்ந்து புதிய துகள்களாக உறைந்துகொண்டிருந்தன; அதையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தோம்.

இவ்வளவும் எப்போது தெரிய வந்தது தெரியுமா? அந்த நோட்டு வந்த பிறகு. 110 என்ற எண் கையில் இருந்ததால்தான் 110க்கும் 290க்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடப் போனோம். மற்ற முதல் நாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தபோது, தவறிய ஆறில் ஐந்தில் இதே கதை. அணைத்து வைத்திருந்ததை முடுக்கிவிட்டோம். ஓட்டம் முடிய நாற்பது நிமிடம் கூடியது. அதைத் தாங்கிக்கொண்டோம்.

மாதிரியின் இன்னொரு காலும் அப்படித்தான் தள்ளாடுகிறது. எங்கிருந்து எவ்வளவு புகை வருகிறது என்ற உமிழ்வுப் பட்டியலைச் சொல்கிறேன். வாகனம், ஆலை, அடுப்பு, குப்பை எரிப்பு, சாலைப் புழுதி என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் கட்டமாக எண் போட்டு, நாளின் மணிக்கேற்பப் பிரித்துக் கொடுக்கிறோம். அந்த எண்கள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை? பல நகரங்களில் அவை ஐந்து ஆண்டு, அதற்கும் மேல் பழையவை. நடுவில் ஒரு மேம்பாலம் திறந்திருக்கும், ஓர் ஆலை மூடியிருக்கும், ஒரு புறநகர் முளைத்திருக்கும். மாதிரிக்கு எதுவும் தெரியாது. விடுமுறை நாளையும் வேலை நாளாகவே அது நினைத்துக்கொள்ளும். வயலிலோ காட்டிலோ பற்றும் தீயைச் செயற்கைக்கோள் காட்டித்தரும் என்கிறோம். துருவச் சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் ஓரிடத்தை நாளில் சில முறைதான் கடக்கும். அது போன பிறகு மூட்டிய தீ அன்றைய கணக்கில் ஏறாது. மேகம் மூடினாலும் ஏறாது. மாதிரியின் கட்டத்தைப் பத்து கிலோமீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்குக் குறைத்துவிட்டோம் என்று அறிவிக்கும்போது எனக்கு மனம் உறுத்தும். உள்ளே போகும் பட்டியல் பழையதாக இருந்தால், மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்றுதான் பொருள். முன்கணிப்பின் கீழே உமிழ்வுப் பட்டியலின் ஆண்டை ஒரு வரியில் போடுங்கள். மருந்து அட்டையில் காலாவதித் தேதி போடுவதில்லையா?

இப்போது இயந்திரக் கற்றல் வந்திருக்கிறது. மாதிரியின் பழைய பிழைகளைப் படித்து, இன்றைய விடையைத் திருத்தித் தருகிறது. அதனால் சராசரிப் பிழை குறைவதை நானே பார்த்திருக்கிறேன், வரவேற்கிறேன். ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தப் பிழையைக் குறைக்கவேண்டும் என்று மட்டும் பழக்கினால், அபூர்வமாக வரும் உச்சங்களை அது நடுப்பக்கம் இழுத்து மழுக்கிவிடும். 290 வரவேண்டிய நாளில் 200 சொல்வதும், 110 வரவேண்டிய நாளில் 112 சொல்வதும் அதற்கு உகந்த பேரம். ஆண்டறிக்கை அழகாகும், முதல் நாள்கள் இன்னும் கைவிட்டுப்போகும். சொன்னதையும் வந்ததையும் முதல் நாள்களுக்குத் தனியே பிரித்து எண்ணினால் ஒழிய இது யார் கண்ணிலும் படாது.

முன்கணிப்பு தகவலாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2015 நவம்பர் இறுதியில் பெய்ஜிங்கில் பிஎம் 2.5 சில இடங்களில் 600ஐத் தாண்டியபோது நடப்பில் இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. கடும் மாசு மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் என்று கணித்தால்தான் சிவப்பு என்பது அங்கிருந்த விதி. பெரும் கண்டனம் எழுந்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 7 அன்று, அதைவிடக் குறைந்த மாசுக்கு நகரின் முதல் சிவப்பு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடின, கார்களில் பாதி சாலையிலிருந்து விலக்கப்பட்டன. தில்லியில் 2022இல் திருத்திய படிநிலை நடவடிக்கைத் திட்டம், மாசு ஒரு படியின் வரம்பைத் தொடும் முன்பே, முன்கணிப்பைப் பார்த்து மூன்று நாள் முன்னதாகக் கட்டுப்பாடுகளைத் தொடங்கச் சொன்னது. நல்ல மாற்றம். ஆனால் உங்கள் எண் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மூன்று நாள் வருமானத்தை நிறுத்தப் போகிறதென்றால், அந்த எண் கடந்த காலத்தில் எத்தனை முறை பலித்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. நுரையீரல் நோயாளிக்கும் உண்டு. சொன்னதும் வந்ததும் பதிந்த ஒரே ஏட்டிலிருந்துதான் இருவருக்கும் பதில் சொல்ல முடியும்.

இதற்கு வரும் மறுப்புகளை நன்றாக அறிவேன். அலுவலகக் கூட்டங்களில் அவற்றை எழுப்பியவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். தவறுகளைக் காட்டினால் மக்கள் நம்பமாட்டார்கள் என்பார்கள். மக்களுக்குத் தவறுகள் ஏற்கெனவே தெரியும். மூச்சு அவர்களுடையது. ஜன்னலுக்கு வெளியே தெரிவதற்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தினமும் பார்க்கிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ளாதபோதுதான் நம்பிக்கை போகிறது. அந்தத் தாய் எங்கள்மீது வைத்திருந்த நம்பிக்கை 110 என்ற எண்ணால் குலையவில்லை. "இங்கே 260 என்றுதானே இருக்கிறது" என்று நான் சொன்ன நொடியில் குலைந்தது. அந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

தோல்வியை வெளியிடுவதால் ஒரு துறை அழிந்துபோகாது என்பதற்கு நம் மூத்தவர் ஒருவரே சாட்சி. கணக்கின் மூலம் வானிலையை முன்கூட்டிச் சொல்ல முதலில் முயன்றவர்களில் ஒருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஏற்கெனவே கடந்துபோயிருந்த 1910 மே 20ஆம் நாளுக்கான ஆறு மணி நேரக் கணிப்பைக் கையாலேயே கணக்கிட்டார். கையெழுத்துப் படி போர்க்களத்தில் தொலைந்து, பல மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. அவர் கணக்கு, காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்றது. நடக்கவே முடியாத எண் அது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. 1922இல் அவர் அந்தத் தவறான விடையை மறைக்காமல், ஒவ்வொரு படிக்கணக்கோடும் அச்சிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தைச் சேர்ந்த வானிலையாளர் பீட்டர் லின்ச் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முறையில் பிழையில்லை, தொடக்கத் தரவில் இருந்த இரைச்சலைச் சமன்செய்யாததுதான் காரணம் என்று காட்டினார். சமன்செய்ததும் நம்பத்தக்க விடை வந்தது. ரிச்சர்ட்சன் அந்த 145ஐ அழித்திருந்தால் யார் எதைத் திருத்தியிருக்க முடியும்?

வானிலைத் துறை அந்த வழியில்தான் வளர்ந்தது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் தன் கணிப்புகளின் மதிப்பெண்ணை ஆண்டு ஆண்டாக வெளியிடுகிறது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் வானிலை முன்கணிப்பின் எல்லை நீண்டுகொண்டே வந்திருக்கிறது. காற்று மாசு முன்கணிப்பும் அதே வீட்டுப் பிள்ளைதானே?

அதே ஐரோப்பாவில் இன்னொரு நல்ல பழக்கமும் இருக்கிறது. காப்பர்நிகஸ் வளிமண்டலச் சேவை, கண்டத்தின் காற்றுத் தரத்தை நான்கு நாள்களுக்கு முன்கணிக்கப் பதினொரு மாதிரிகளை ஓட்டுகிறது. அவற்றின் நடு மதிப்பை வெளியிட்டாலும் ஒவ்வொரு மாதிரியின் விடையையும் தனியே எடுத்துப் பார்க்க முடிகிறது. இது ஏன் முக்கியம் என்றால், பதினொன்றில் ஒன்பது மிதமான காற்று என்று சொல்லி, இரண்டு மட்டும் கடும் மாசு என்று சொன்னால், நடு மதிப்பில் அந்த இரண்டின் குரல் கேட்காது. ஆனால் அந்தத் தாய்க்கு வேண்டியது அந்த இரண்டின் குரல்தான். மகன் ஒரு பந்தயத்தைத் தவறவிட்டால் இழப்பு சிறிது. காற்று கெட்டுப்போனால் இழப்பு பெரிது. ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றாலே அவர் மகனை வீட்டில் நிறுத்தியிருப்பார். ஆலையை மூடச் சொல்லும் அதிகாரிக்கு அதைவிட உறுதி வேண்டியிருக்கும். ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்தால் இருவருக்கும் சேர்த்து நாமே முடிவெடுத்துவிடுகிறோம். பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிவிட்டால் அவரவர் முடிவு அவரவர் கையில். வாய்ப்பு என்று சொன்னால் மக்களுக்குப் புரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். மழைக்கு எழுபது விழுக்காடு வாய்ப்பு என்றால் குடை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தானே அவர்கள்?

24 மணி நேரச் சராசரி பற்றியும் ஒரு வார்த்தை. ஒழுங்குமுறைச் சட்டங்களுக்கு அது வசதியான அளவு. ஆனால் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை. மூடி தாழ்ந்திருக்கும் காலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரைதான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். வாகனப் புகை நிறைவதும் அப்போதே. மாதிரி மணிக்கு மணி விடை தருகிறது. அதை வெளியிடுங்கள், அதையும் அழிக்காமல் வையுங்கள்.

இவை எதற்கும் புதிய கணினி வேண்டாம். ஒரு நாள் முன்கணிப்பின் எண்கள் எல்லா வட்டாரத்துக்கும் சேர்த்தாலும் ஒரு சின்னக் கோப்புக்குள் அடங்கும். வேண்டியது அதை எழுதிய நேரத்தோடு பூட்டி வைப்பது. பின்னர் யாரும், உயரதிகாரியே ஆனாலும், மாற்ற முடியாதபடி வைப்பது. அளந்த எண்ணோடு சேர்த்து மாதந்தோறும் வெளியிடுவது. பலித்தவை எத்தனை, பொய்யான எச்சரிக்கை எத்தனை, தவறவிட்டவை எத்தனை என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். தொடரின் முதல் நாள்களைத் தனியாக எண்ணுங்கள். எளிய கணிப்பு அதே மாதத்தில் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்பதையும் அருகில் போடுங்கள். ஒரு முதல் நாளைத் தவறவிட்டால், ஒரு வாரத்துக்குள் காரணத்தை எளிய மொழியில் அரைப்பக்கம் எழுதுங்கள். "மூடுபனி பத்து மணிக்குக் கலையும் என்று நினைத்தோம், மாலைவரை கலையவில்லை" என்று ஒரு தாய்க்குச் சொன்னால் அவருக்குப் புரியும். அடுத்த முறை மூடுபனி கலையாத காலையில், உங்கள் திருத்தம் வரும் முன்பே அவர் மகனை வீட்டில் நிறுத்திவிடுவார்.

இளைய அறிவியலாளர்களுக்குத் தனியாக ஒன்று. எண் வரம்பைத் தொட்டு நிற்கும் மாலைகளில், சற்றே கீழே இறக்கிவிட்டால் எச்சரிக்கை கொடுக்க வேண்டியதில்லை என்ற நெருக்கடி உங்களுக்கு வரும். வெளிப்படையாக யாரும் உத்தரவிடமாட்டார்கள். "இன்னொருமுறை பார்த்துவிடுங்களேன்" என்று மட்டும் சொல்வார்கள். மாதிரி தந்த எண், நீங்கள் திருத்திய எண் இரண்டும் தனித்தனியே பதிவாகும் ஏடு இருந்தால் அந்த மாலைகளில் உங்களுக்கு அதுவே துணை. அது இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் முன்கணிப்பை நகல் எடுத்து வைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். வேலையைவிட்டு வரும்வரை நான்கு ஆண்டு எண்கள் அதில் சேர்ந்தன. அவை பொதுவெளியில் வெளியிட்ட எண்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தாயும் தன் நோட்டின் நகலைத் தரச் சம்மதித்திருக்கிறார். உங்களில் எந்த அலுவலகம் முதல் ஏட்டைத் திறக்கிறதோ, அதன் வடிவத்தைச் சரிபார்க்க இரண்டையும் தருகிறேன். கூடவே உட்கார்ந்து வேலையும் செய்கிறேன். மதிப்பீட்டு நிரலை எழுத மூன்று வாரம் ஆகலாம், பக்கத்தை வடிவமைக்க இன்னும் சில வாரம் ஆகலாம். அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை ஆறு மணிக்கு நீங்கள் வெளியிடும் எண், நாளை காலைத் திருத்தம் வந்த பிறகும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்கணிப்பு மேசையில் பதினோரு ஆண்டுகள் இருந்த ஒருவன்